கோல்ட்ரேன் நினைவு நாளில் எந்த இசைத்தட்டு?

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 40. அந்த நாளில் அவர் நினைவாக ஒரே ஒரு இசைத்தட்டுதான் கேட்க முடியும் என்றால் எது? அவருடைய ‘ப்ளூ ட்ரெய்ன்’, ‘எ லவ் சுப்ரீம்’ இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர்களுக்காக:

நேரம்
ப்ளூ ட்ரெய்ன்: 5 உருப்படிகள், 40 நிமிடங்களுக்குச் சற்று மேல்.
எ லவ் சுப்ரீம்: 4 பகுதிகள், சுமார் 33 நிமிடங்கள். ஆனால் இடையில் எழுந்து போகக் கூடாது.

குழு
ப்ளூ ட்ரெய்ன்: 1957, ஆறு பேர். ட்ரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயதுதான்!
எ லவ் சுப்ரீம்: 1964, நான்கே பேர்.

காதுக்கு
ப்ளூ ட்ரெய்ன்: ஜாஸ் பழக்கமில்லாதவருக்கும் முதல் மெட்டே ஒட்டிக்கொள்ளும்.
எ லவ் சுப்ரீம்: கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் பகுதியில் கோல்ட்ரேன் நான்கு சுரத் துணுக்கு ஒன்றைச் சுருதி மாற்றி மாற்றி வாசிக்கிறார்; அப்புறம் அதையே வாயால் ஓதுகிறார். கடைசிப் பகுதிதான் எனக்கு உயிர். தானே எழுதிய கடவுள் துதியை, வார்த்தை வார்த்தையாக சாக்ஸபோனிலேயே ‘சொல்கிறார்’. வரிகள் தட்டின் உறையில் அச்சாகியிருக்கின்றன. கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

சரி, நண்பர்கள் கூடி, காபியோடு பேசிக்கொண்டே நினைவுகூர்வதென்றால் ப்ளூ ட்ரெய்ன். தனியாக, விளக்கணைத்து, அந்த மனிதர் என்ன தேடினார் என்று கேட்க நினைத்தால் மற்றது. நான் போடுவது இரண்டாவதைத்தான்.