சித்திரை வெயிலும் இன்சுலின் பையும்

சீனி வருத்தம் வந்து 11 வருடம், ஊசிக்கு மாறி 3 வருடம். பாவனையில் உள்ள இன்சுலின் குப்பியை 30 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற விடக் கூடாதாம். மாங்குளத்துச் சித்திரை வெயிலிடம் யார் போய்ச் சொல்வது?

மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய பை இது. தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் மணிகள் உப்பி ஜெல்லியாகும். ஈரம் உலர உலரக் குளிரும், மண்பானை மாதிரித்தான். ஐஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஏ9 வீதியில் பஸ்ஸில் கிளிநொச்சி போய் வந்தும் குப்பி சூடேறவில்லை. திறக்காத குப்பிகளுக்கு இது சரிவராது, அவை பிரிட்ஜில்தான் இருக்கவேண்டும்.

மாரியில் காற்றே ஈரம் என்பதால் குளிர்ச்சி குறைவு. அப்புறம், கைப்பைக்குள் வைத்தால் மற்றதெல்லாம் நனையும். என் கிளினிக் கொப்பியில் போன மாதச் சீனி அளவு முழுக்க மை கரைந்து நீலமாய்ப் போனது. ஒரு கொப்பிக்கா அழுகிறாய் என்றார் இவர். கொப்பிக்கு இல்லை.

ஊசி தொடங்கிய பிறகு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. இந்த வைகாசியில் பையோடு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் விடியும்வரை இருந்தேன். காலை ஊசியை ஓட்டோவுக்குப் பின்னால் நின்று போட்டுக்கொண்டேன்.