புதுச்சேரி ரேஞ்ச்ஃபைண்டர் பயிற்சிக்கு எந்த கேமரா: கேனனெட்டா, யாஷிகாவா, ஜோர்க்கியா?

புதுச்சேரியில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் வார இறுதி ரேஞ்ச்ஃபைண்டர் (தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் வகை கேமரா) பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமராவை வாங்கிக்கொண்டு வருவது என்பதைத்தான். பழைய கேமராக்களில் கைக்கு எட்டும் விலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை மூன்று: கேனனெட் க்யூஎல்17 ஜி3, யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என், சோவியத் நாட்டு ஜோர்க்கி 4. மூன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேனனெட்டை வைத்துக்கொண்டவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றாலே நினைவுக்கு வரும் ஜெர்மன் கேமரா லைக்காவை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் இதே ஊருக்கு வந்து அரவிந்தரையும் அன்னையையும் படம் எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். லைக்காவோடு பெயர் ஒட்டிக்கொண்ட அந்த மனிதர் நடந்த தெருக்களில் நாமும் ஒரு லைக்காவோடு நடக்கலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 2022இல் மறுபடி வெளிவந்த லைக்கா எம்6இன் விலை லட்சங்களில் நிற்கிறது. நண்பருடைய எம்6ஐக் கொஞ்ச நேரம் வாங்கிப் பார்த்ததோடு சரி. வியூஃபைண்டரின் தெளிவு வேறு தரம் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மூன்றுக்கும் பொதுவானதை வேகமாகக் கடந்துவிடலாம். மூன்றும் 35 மி.மீ. ஃபிலிம் போடுபவை. மூன்றிலும் வியூஃபைண்டரின் நடுவில் இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸ்கள் கேனனெட்டில் 40 மி.மீ., யாஷிகாவில் 45, ஜோர்க்கியோடு வழக்கமாக வரும் ஜூப்பிட்டர்-8இல் 50. எல்லாமே வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுபவை. எட்டுக்குப் பத்து அங்குல அச்சைக் காட்டி, இது எந்த கேமராவில் எடுத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனவே படத்தின் தரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

யாஷிகா எலெக்ட்ரோ வரிசை 1966இல் தொடங்கியது. ஜிஎஸ்என் 1973இல் வந்தது. அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே முடிவு செய்யும், 30 விநாடி வரைகூடத் திறந்து வைத்திருக்கும். விடிவதற்கு முன் கடற்கரைச் சாலையில் ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்க இதைவிட வசதியான கேமரா இந்த விலையில் இல்லை. ஆனால் ஷட்டர் முழுக்க மின்சாரத்தை நம்பி இருக்கிறது. பேட்டரி இல்லையென்றால் 1/500 விநாடி என்ற ஒரே வேகம்தான். இருக்கும்போதும் வேகத்தை நாமே வைக்க வழி கிடையாது. மஞ்சள் அம்பு எரிந்தால் மெதுவான வேகம், சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம் என்று அது சொல்லும், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கென்று வந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 6 வோல்ட் செல்லை அடாப்டரில் போட்டு ஓட்டலாம், நன்றாகவே ஓடும்.

ஜோர்க்கி 4 அதற்கு நேர் எதிர். மாஸ்கோ பக்கத்து கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரை செய்தார்கள். பேட்டரியும் கிடையாது, வெளிச்சம் அளக்கும் மீட்டரும் கிடையாது. லென்ஸை மாற்றிப் போடலாம். ஒரு விஷயத்தில் மூன்றில் இதுதான் முதல்: ரேஞ்ச்ஃபைண்டர் கொஞ்சம் விலகிவிட்டால், முன்பக்கத்தில் இருக்கும் சின்ன திருகைக் கழற்றி மெல்லிய ஸ்க்ரூட்ரைவரை உள்ளே விட்டுத் தொலைதூர ஃபோகஸை நாமே சரிசெய்துகொள்ளலாம். கேனனெட்டில் மேல்மூடியையே திறக்க வேண்டும். ஆனால் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும் என்ற விதியை மறந்தால் உள்ளே பழுதாகிவிடும். கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொன்று: கண் வைக்கும் இடத்தில் இருக்கும் உலோக வளையம் மூக்குக்கண்ணாடியைக் கீறும்.

சரி, தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் கேமராவை என்ன செய்கின்றன, அதற்குப் பிறகு கேமராவில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் அது. பெங்களூரில் இருந்து எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கடலூர், புதுச்சேரிக்காரர்களால் முடியாது.

முதலில் வெயில். எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பது போல லென்ஸுக்குப் பின்னால் மறைத்து நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ரேஞ்ச்ஃபைண்டரில் கிடையாது. ஜோர்க்கியில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருப்பது ரப்பர் பூசிய துணித்திரை மட்டும். மூடி போடாமல் லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கழுத்தில் தொங்கினால், பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுடுவது போல அந்தத் துணியில் ஊசித்துளை விழுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பயிற்சியின் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபிலிமைக் கழுவித் தொங்கவிடும்போதுதான் நெகட்டிவில் கரும்புள்ளிகள் தெரியும். காலையில் காந்தி வீதிச் சந்தையில் எடுத்தது எல்லாம் அதே புள்ளியோடு வந்திருக்கும். கேனனெட்டிலும் யாஷிகாவிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் உலோக இதழ்கள். அவற்றுக்கு இந்த ஆபத்து இல்லை. சத்தமும் மிகக் குறைவு. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் கேட்டுவிட்டு எடுக்கும்போது, சத்தமில்லாத ஷட்டர் அவர் பேச்சை நிறுத்தாது. அப்புறம், எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். உச்சிவெயிலில் தலைப்பாகை நிழலில் இருக்கும் முகத்துக்குக் கொஞ்சம் ஃபிளாஷ் கொடுக்க இது பெரிய உதவி. ஜோர்க்கியில் 1/30க்கு மேல் போனால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

அடுத்தது உப்பு. கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு இருந்தால் பேட்டரி அறையின் செம்பு முனைகள் பச்சை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கேமராவும் ஐம்பது வயதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவை. மின்சாரம் ஒருநாள் நின்றுதான் போகும். நின்றபின் யாஷிகா ஒரே வேகத்தில் மாட்டிக்கொள்ளும். கேனனெட்டில் மின்சாரம் மீட்டருக்கு மட்டும். 1/4 முதல் 1/500 வரை எல்லா வேகங்களும் ஸ்பிரிங்கிலும் பற்சக்கரத்திலும் ஓடுபவை. மீட்டர் செத்தால் அப்பர்ச்சர் வளையத்தை ஏ (தானியங்கி) நிலையிலிருந்து நகர்த்திவிட்டு, நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எஃப்/16, வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் (வெளிச்சத்துக்கு அதன் உணர்திறன்; 100 என்றால் ஏறத்தாழ 1/100 விநாடி) என்ற பழைய கணக்கில் வேலையைத் தொடரலாம். எங்கள் பயிற்சியில் முதல் நாள் காலையே இந்தக் கணக்கைத்தான் சொல்லித் தருகிறோம். மீட்டர் நன்றாக இருக்கும் கேனனெட்டையும் அப்படித்தான் ஓட்டச் சொல்கிறோம்.

இங்கே ஒரு எல்லை உண்டு. 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டால் உச்சிவெயிலில் கேனனெட் 1/500, எஃப்/16 என்ற கடைசிப் படியில் நிற்கும். மணலும் பிரெஞ்சுத் தெருக்களின் வெள்ளைச் சுவர்களும் அதையும் தாண்டும். எனவே 100 அல்லது 200 கொண்டு வாருங்கள். ஜோர்க்கியில் 1/1000 இருக்கிறது. ஆனால் அத்தனை வயதான துணித்திரை அந்த வேகத்தைச் சரியாகத் தரும் என்று நான் நம்புவதில்லை.

கேனனெட்டுக்கும் நோய்கள் உண்டு. எண்ணெய் பரவி ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொள்வது அதன் பெயர்போன வியாதி. பின்மூடியின் கறுப்பு ஸ்பாஞ்ச் தார் மாதிரி உருகி வெளிச்சம் கசியும். இரண்டும் தீரக்கூடியவை. ஸ்பாஞ்சை வழித்தெடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை வைத்து ஒட்டினால் போதும், வீட்டிலேயே செய்யலாம். இதழ்களைச் சுத்தம் செய்ய மெக்கானிக் வேண்டும். இந்தப் பக்கம் அந்தக் கை அரிதாகிவிட்டது, சென்னைக்கு அனுப்பும்படிதான் இருக்கும். பாதரச செல்லுக்குப் பதிலாக, காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாகக் காற்று செல் மீட்டருக்கு ஏறத்தாழச் சரியான மின்னழுத்தம் தரும். ஸ்டிக்கரை உரித்தால் சில வாரங்கள்தான் உயிர், ஆகவே பயிற்சியன்று காலையில் உரியுங்கள். மூன்றுக்கும் ஒரே பகை ஐப்பசி, கார்த்திகை ஈரம். தோலுறையில் வைத்துப் பூட்டினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை: பின்மூடியைத் திறந்துவைத்து எல்லா வேகத்திலும் தட்டிப் பாருங்கள், இதழ்கள் தயங்காமல் திறந்து மூட வேண்டும். கடற்கரைக்கு எடுத்துப் போக முடிந்தால், தொலைதூரத்துக்கு ஃபோகஸ் வைத்து அடிவானத்தையும் ஒரு கப்பலையும் பாருங்கள். அடிவானம் இரட்டையாகத் தெரிந்தால் மேல்கீழ் விலகல், கப்பல் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தால் ஃபோகஸ் விலகல்.

வீட்டில் ஏற்கெனவே அப்பாவுடைய யாஷிகா ஓடும் நிலையில் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். உபரியாக இரண்டு செல்லும் கொஞ்சம் நிதானமும் போதும், அதிலேயே இரண்டு நாளும் ஓட்டிவிடலாம். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள்) குடும்பங்களில் யாராவது பிரான்சிலிருந்து கொண்டுவந்த பழைய ஃபோக்கா வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். 1940களில் தொடங்கிய அந்தப் பிரெஞ்சு ரேஞ்ச்ஃபைண்டரை இந்த ஊர்த் தெருவிலேயே ஓட்டிப் பார்க்க எங்கள் எல்லோருக்கும் ஆசை.