முழுதாக அழிப்பதா, இருப்பதை மாற்றுவதா? விண்டோஸ் மறுநிறுவலும் பார்ட்டிஷன் சிக்கலும்

தீபாவளிக்கு மறுவாரம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவருடைய மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 போட்டேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அக்கா வீட்டிலேயே தமிழ் துணைப்பாட வகுப்பு எடுப்பவர். பத்து வருடப் பயிற்சித்தாள்கள் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன.

எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரைக்கு வந்ததும் நின்றுவிட்டது. இது எம்பிஆர் டிஸ்க், இஎஃப்ஐ கணினியில் ஜிபிடி டிஸ்க்கில் மட்டுமே விண்டோஸ் ஏறும் என்றது திரை. டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று குறித்துவைக்கும் பழைய முறை எம்பிஆர், புதியது ஜிபிடி. கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய முறை இஎஃப்ஐ (யூஇஎஃப்ஐ), பழையது லெகசி. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் எஸ்எஸ்டி மாற்றியபோது, பழைய லெகசி முறையிலேயே விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே, கணினி நிறுவனம் வைத்திருந்த ரெக்கவரி பகுதியும் போயிருந்தது. அதனால் ஃபேக்டரி ரீசெட் என்ற வழியே இல்லை.

500 ஜிபி டிஸ்க் இப்படிப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரிந்திருந்தது: முதலில் பூட் கோப்புகளுக்கான 500 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு, அடுத்து 118 ஜிபி சி டிரைவ், அதை ஒட்டி 500 எம்பிக்குச் சற்றுக் குறைவான, விண்டோஸின் சொந்த ரெக்கவரி, கடைசியில் 346 ஜிபி டி டிரைவ். சி சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. டி பாதிக்கு மேல் காலி.

முதலில் நினைத்தது எம்பிஆர்டூஜிபிடி. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் கருவி இது. கோப்புகளை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றும். என் சொந்த மேசைக்கணினியில் போன வருடம் செய்தேன். சில நிமிட வேலை. முடிந்ததும் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐக்கு மாற்றினேன், அவ்வளவுதான். ஒரு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அது ஒரே கணினியின் அனுபவம்.

அக்காவுடையதில் சோதனைக் கட்டத்திலேயே மறுத்துவிட்டது. காரணம் டி டிரைவ். எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் வைக்கலாம். மூன்று இருக்கும்போது நான்காவதை உருவாக்கினால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் அதை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி, உள்ளே லாஜிக்கல் டிரைவாக வைக்கும். எக்ஸ்டெண்டட் இருந்தால் எம்பிஆர்டூஜிபிடி வேலை செய்யாது. அப்படியென்றால் டி டிரைவைக் காப்பி எடுத்துவிட்டு நீக்க வேண்டும். நீக்கினாலும் காலியான 346 ஜிபி சி டிரைவுக்குப் போய்ச் சேராது. நடுவில் அந்த ரெக்கவரி உட்கார்ந்திருக்கிறது. ஒட்டியிருக்கும் இடத்தை மட்டுமே விண்டோஸ் சி டிரைவோடு சேர்க்கும். இல்லையென்றால் எக்ஸ்டெண்ட் வால்யூம் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடக்கும்.

அடுத்தது ஜிபார்ட்டெட். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, பார்ட்டிஷன்களைக் கண்ணால் பார்த்து நகர்த்தலாம். இலவசம், நல்ல கருவி. ஆனால் ஒரு பார்ட்டிஷனை இடம் மாற்றுவது என்றால் உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் அது புது இடத்தில் எழுத வேண்டும். பாதியில் மின்சாரமோ பேட்டரியோ போனால் கோப்புகள் போச்சு. அதனால் இதற்கும் முதலில் பேக்கப் வேண்டும். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க் என்றால் அதை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். இதை நான் ஒரே ஒருமுறை, தரவு இல்லாத டிஸ்க்கில்தான் செய்திருக்கிறேன்.

எப்படியும் பேக்கப் எடுக்கத்தான் போகிறோம் என்றான பிறகு, எல்லாவற்றையும் அழிப்பதே நல்லது என்று முடிவெடுத்தேன். முக்கியக் காரணம் இன்றைய வேலை சுலபம் என்பதல்ல, பின்னால் வரும் பராமரிப்பு.

2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் பலருக்கு ஏறவேயில்லை. 80070643 என்று முடியும் பிழை எண்தான் திரும்பத் திரும்ப வந்தது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் அதற்குத் தேவைப்பட்டது, பழைய அமைப்புகளில் அது இல்லை. சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி: ரெக்கவரியை நிறுத்தி, சி டிரைவைச் சுருக்கி, பழைய ரெக்கவரியை நீக்கி, பெரிதாகப் புதிதாக உருவாக்குவது. அத்தனையும் கட்டளைகளைத் தட்டி இயக்கும் கமாண்ட் பிராம்ப்டில். அக்காவிடம் போனில் சொல்லிச் செய்யவைக்கக்கூடிய காரியமா அது?

முழுதாக அழித்துவிட்டுப் போட்டால் நிறுவியே வரிசையை அமைத்துக்கொள்கிறது. முன்னால் பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ, விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் 16 எம்பி எம்எஸ்ஆர், பிறகு சி, சி டிரைவை ஒட்டிக் கடைசியில் ரெக்கவரி. மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதும் இதே வரிசைதான். வருங்கால அப்டேட்டுக்கு இடம் போதாவிட்டால் விண்டோஸே சி டிரைவிலிருந்து கொஞ்சம் எடுத்து ரெக்கவரியைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இந்த ஒன்றுக்காகவே ஒரு சாயங்காலத்தைச் செலவழிக்கலாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. பூட் மெனுவில் பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். அதன்பின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, ஒதுக்கப்படாத இடம் என்று ஒற்றை வரி மட்டும் மிஞ்சியதும் நெக்ஸ்ட் அழுத்தினால் போதும். ஜிபிடி தானாக வந்துவிடும். அப்போதும் முரண்டு பிடித்தால் ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் வரும் கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்க்பார்ட். அதில் லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால் எனக்கு 465 ஜிபி ஒன்றும், 29 ஜிபி ஒன்றும் தெரிந்தன. இரண்டாவது பென் டிரைவ். எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டு செலக்ட், கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் கொடுத்தால் "நிச்சயமா?" என்று கேட்காது.

மச்சானின் புதிய மடிக்கணினியில் டிஸ்க்கே தெரியவில்லை. அது பார்ட்டிஷன் கோளாறு இல்லை. பதினோராம் தலைமுறை இன்டெல்லிலிருந்து பல கணினிகளில் ஸ்டோரேஜ் டிரைவரைத் தனியாகப் பென் டிரைவில் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடை எதிலாவது கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று அக்கா கேட்டார். செய்யலாம், ஆனால் பேக்கப் நம் கையால் எடுத்த பிறகே. எதை எடுக்க வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அக்காவின் பழைய வினாத்தாள்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு டாக்குமெண்ட்ஸில் இல்லை, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸில் இருந்தது. அது இல்லாமல் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகளும் கோடுகளும்தான். அதையும் எடுத்துக்கொண்டேன். புகைப்படங்களோடு மொத்தம் 140 ஜிபி, ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

ஆனால் மறுபடி நிறுவ முடியாத, உரிமம் தொலைந்த மென்பொருள் ஏதாவது இருந்து, பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இல்லாத டிஸ்க்காகவும் இருந்தால் நானும் எம்பிஆர்டூஜிபிடி பக்கம்தான் போவேன்.

எல்லாம் முடிந்து திரையைப் பார்த்த அக்கா, "டி டிரைவ் எங்கடா தம்பி?" என்றார். அதற்கு இனி அவசியமில்லை என்றேன். டிஸ்க் பழுதானால் சி, டி இரண்டும் சேர்ந்தே போகும். பேக்கப் வேறு டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். அவர் சமாதானமாகவில்லை. எழுத்துருவை நிறுவி 2014-ஆம் ஆண்டுத் தேர்வுத்தாள் ஒன்றைத் திறந்து காட்டினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓர் எழுத்தும் உடையாமல் வந்தது. அதன்பின்தான் தேநீர் போட எழுந்தார்.