சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கத்து மொழிபெயர்ப்புக் கடை: ரப்பர் ஸ்டாம்பைக்கூட விடாத மனுஷன்

வாரிசுச் சான்றிதழை அவசரமாக ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்தக் கடை பிடிக்காது. டோக்கன் கிடையாது. போனை எடுக்க மாட்டார். பக்கத்துக்கு 400 ரூபாய், நோட்டரிக்குத் தனி. பக்கத்து டைப்பிங் சென்டரில் பாதி விலைக்கே முடிந்துவிடும். உட்கார ஒரே பெஞ்ச், அதிலும் பழைய பேப்பர் கட்டு. வெளியே போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருவது உத்தமம்.

ஆனால் வெளிநாட்டு வழக்குக்கு என்று யாராவது கேட்டால் நான் இவரிடம்தான் அனுப்புவேன்.

என் அக்கா மகள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் அப்பா வழியில் எல்லோரும் லாரித் தொழில். அவர்களிடமிருந்து மிரட்டல் வந்தது. போலீசில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 2015-இல் வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக ஓமலூர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டதைப் பார்த்த எங்களுக்கு அது வெறும் மிரட்டலாகத் தெரியவில்லை. இருவரும் கனடா போய் அடைக்கலம் கேட்டார்கள்.

அதற்கான ஆவணங்களை இங்கே கொடுத்தோம். பெண்ணின் பெரியப்பா எழுதிய மிரட்டல் கடிதம் அவருடைய டிரான்ஸ்போர்ட் லெட்டர்ஹெட்டில் இருந்தது. கடைக்காரர் அடியில் பொடி எழுத்தில் இருந்த கிளை முகவரிகளையும் சேர்த்து மொழிபெயர்த்தார். "இது எதுக்குங்க?" என்றேன். "இதுவும் எழுத்துதானேம்மா, விடக் கூடாதுங்க" என்றார். ரசீதின் ஓரத்தில் பேனாவில் கிறுக்கியது, ஸ்டாம்ப், பின்பக்கம் எல்லாம் வந்தன. படிக்க முடியாத இடத்தில் ஊகிக்காமல் 'தெளிவில்லை' என்று போட்டார். கடைசியில் தன் பெயர், எந்த மொழியிலிருந்து மாற்றினார், அது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, கையெழுத்து. கனடா அகதி வாரியம் இதையெல்லாம் கேட்கும்.

மனுவும் மேல்முறையீடும் தள்ளுபடியாகின. பெண் வீட்டாருக்குப் பயந்தால் மும்பையில் போய் வாழலாமே என்றார்கள். சொந்த நாட்டிலேயே பாதுகாப்பாக, நியாயமாகப் பிழைக்க இன்னொரு ஊர் இருந்தால் கனடாவில் அடைக்கலம் கிடையாது. அந்த அளவுகோலே 1991-இல் ரசரத்தினம் என்ற இலங்கைத் தமிழரின் வழக்கில் வகுத்ததுதான்.

அப்புறம் 15 நாளுக்குள் கனடா பெடரல் கோர்ட்டில் அனுமதி மனு, அதாவது அந்த முடிவைக் கோர்ட் பரிசீலிக்க அனுமதி கேட்பது. புதுசாக ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று சொந்தத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். பொதுவாக அது எடுபடாது. வாரியத்தின் முன் ஏற்கெனவே இருந்த காகிதங்களை வைத்து, கொடுத்த முடிவு நியாயமானதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். பெரியப்பாவின் லெட்டர்ஹெட்டில் இருந்த அந்தக் கிளை முகவரிகளில் மும்பையும் இருந்தது! போய் வாழலாம் என்று சொன்ன ஊரிலேயே மிரட்டியவரின் கிளை. தள்ளுபடி உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். நீதிபதி உத்தரவை ரத்து செய்து, வேறொருவர் மறுபடி விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். அடைக்கலம் கொடுப்பது அவர் வேலை இல்லை, அது இனிமேல்தான்.

கடைக்காரர் பி.டி.எஃப். அனுப்ப மாட்டார், காகிதம்தான் தருவார். ஸ்கேன் எடுக்கும்போது கலரில் எடுங்கள். கருப்பு வெள்ளையில் நோட்டரி முத்திரை சரியாகத் தெரிவதில்லை.