ஒளிரும் ஸ்பூனோடு ஐந்து செப்டம்பர்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஒன்பது டாலர் கொடுத்து வாங்கிய என் முதல் ஒளிரும் ஸ்பூன் (தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டுகிற, இருட்டில் மின்னும் உலோகத் தகடு), காற்றில் வாழையிலைக் கிழிசல் போலத் திரும்பித் திரும்பிப் பறந்து, காலடியிலிருந்து நாற்பது அடியில் தொப்பென்று விழுந்தது. 2020 செப்டம்பர், அதிகாலை நான்கு மணி, அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில், கிராண்ட் ஹேவன் ஊரின் தெற்குப் பியர் என்ற அலைத்தடுப்பு. அக்கம்பக்கத்தில் நின்றவர்களின் ஸ்பூன்கள் விர்ரென்று போய் இருட்டில் எங்கோ விழுந்துகொண்டிருந்தன. நான் நாலைந்து முறை வீசியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: “அது படகுக்குப் பின்னால் இழுக்கிற ஸ்பூன். வீசுவதற்கு இல்லை.”

கடையில் அது அழகாகத்தான் இருந்தது. கையைக் குவித்து உள்ளே பார்த்தால், திருவிழாக் கடையில் விற்கிற ரேடியம் பிள்ளையார் மாதிரிப் பச்சையாக மின்னியது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மின்னுகிறதா என்று மட்டும் பார்த்தேன், கனக்கிறதா என்று பார்க்கவில்லை.

நான் நாகர்கோவில்காரன். சின்ன வயதில் மாமாவோடு முட்டம் பாறையில் உட்கார்ந்து, கோல் இல்லாமல் கையிலேயே பிடிக்கும் நைலான் நரம்பில் மீன் பிடித்த பழக்கம் உண்டு. ஆனால் அங்கே இரை என்றால் இரை: மத்தித் துண்டோ இறாலோ. தகரத் துண்டுக்கு மீன் வாய் திறக்கும் என்பதே கிராண்ட் ராப்பிட்ஸுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். அங்கிருந்து ஏரிக்கரை முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். பியர் என்று இங்கே சொல்வது, துறைமுக வாயிலின் இரு பக்கமும் ஏரிக்குள் நீளும் கான்கிரீட் அலைத்தடுப்பை. நம் ஊரில் அரசாங்கம் கட்டும் கல் தடுப்புக்குத் ‘தூண்டில் வளைவு’ என்று பெயர். அதில் தூண்டில் போடுவதற்காக வைத்த பெயர் இல்லை என்பது வேறு விஷயம்.

எதற்கு ஒளிர வேண்டும்? ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும் வரை சினூக் சால்மன், முட்டையிட ஆற்றுக்குள் ஏறுவதற்கு முன் துறைமுக வாயிலில் சுற்றிக்கொண்டிருக்கும். இவை இந்த ஏரிக்குச் சொந்தமான மீன்கள் இல்லை. பசிபிக் பக்கத்து மீன்கள். ஏல்வைஃப் என்ற சின்ன மீன் பெருகிச் செத்துக் கரையெல்லாம் நாறிய காலத்தில், அதைத் தின்னவும் தூண்டில்காரர்களுக்கு விளையாட்டாகவும் மிச்சிகன் மாநிலம் 1966இல் கோஹோ என்ற இன்னொரு வகைச் சால்மனையும் 1967இல் சினூக்கையும் கொண்டுவந்து விட்டது. வெளிச்சம் வந்துவிட்டால் சினூக் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். கரைக்குப் பக்கத்தில் தைரியமாகத் திரிவது இருட்டில்தான். அந்த நேரத்தில் அதற்குப் பசியும் அவ்வளவாக இருக்காது. முகத்துக்கு முன்னால் ஏதோ மினுக்கிக்கொண்டு போனால் எரிச்சலில் ஒரு கடி கடிக்கும். அந்த ஒரு கடியை நம்பித்தான் இத்தனை பேர் தூக்கம் கெட்டு நிற்கிறோம்.

சரி, கனத்துக்கு வருகிறேன். படகில் கட்டி இழுப்பதற்கான ஸ்பூன் மெல்லிய தகடு. நீளமாக, அகலமாக இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. வீசுகிற ஸ்பூன் சிறியது, தடிமனானது. பழைய கெட்டி ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்த மாதிரி ‘ணங்’ என்று இருக்க வேண்டும். சில கடைகளில் இரண்டும் ஒரே கொக்கி வரிசையில், ஒரே நிறத்தில் தொங்கும். அட்டையில் எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3/4 அவுன்ஸ், அதாவது 21 கிராம், என்னுடைய அன்றாட எடை. எதிர்க்காற்று அடித்தால் 1 அவுன்ஸ். காற்றே இல்லாத இரவில் 2/3 அவுன்ஸ் போதும். ரீலைக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றி இழுத்தாலும் ஸ்பூன் ஆடும். 2/5 அவுன்ஸ் வசந்த காலத்தில் டிரௌட் மீனுக்கு நல்லது, செப்டம்பர் இரவுக்குப் பற்றாது.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஆக்மி கம்பெனியின் லிட்டில் கிளியோ, 3/4 அவுன்ஸ், ஒளிரும் பச்சை. கூனல் முதுகு போல வளைந்த கெட்டி ஸ்பூன். சுற்றும் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆட்டம் நிற்காது. இருட்டில் மீன் எங்கே, ஸ்பூன் எங்கே என்று தெரியாமல் சுற்றுகிற புதியவருக்கு அந்தக் குணம் பெரிய உதவி. நான் ஸ்பூனில் பிடித்த பத்தொன்பது சால்மனில் பன்னிரண்டு அதில் வந்தவை. குரோகடைல் என்ற இன்னொரு ஸ்பூன் இன்னும் நீளம், இன்னும் தூரம் போகும்; ஆனால் சீக்கிரம் அடிக்குப் போகிறது. கிராண்ட் ஹேவன் வாய்க்கால் போன்ற ஆழமான இடத்தில் அது வசதி, கல் நிறைந்த இடத்தில் செலவு.

இரண்டாவது வருடம் நான் விழுந்த குழி ஆன்லைனில். பத்து ஸ்பூன், பதினைந்து டாலர். பெயர் சொல்ல விரும்பவில்லை, சொன்னாலும் அடுத்த மாதம் வேறு பெயரில் அதே சரக்கு வரும். எடை சரியாகத்தான் இருந்தது. பியரில் டார்ச் அடித்து வெளிச்சம் ஏற்றினால் பளிச். வீசி, அடியில் இறங்க விட்டு, மெதுவாகச் சுற்றிக் கொண்டுவந்தால் வெறும் வெள்ளை இரும்பாக வந்து சேரும். வீட்டுக்கு வந்து ஒரு சோதனை செய்தேன். குளியலறைக் கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் துண்டைச் செருகி, அந்தப் பத்தில் இரண்டையும் நல்ல கடையில் வாங்கிய இரண்டையும் பத்து விநாடி டார்ச் காட்டி வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் நிமிடம் நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. ஐந்தாவது நிமிடத்தில் மலிவு ஸ்பூன் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று கையால் தடவித் தேட வேண்டியிருந்தது. மற்ற இரண்டும் மங்கிப்போனாலும், ஒரு மணி நேரம் கழித்தும் விளிம்பு தெரிந்தது. நடுவில் வெளியிலிருந்து கதவைத் தட்டி, “ஏங்க, உள்ளே என்னதான் செய்றீங்க?” என்று குரல் வந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை.

காரணம் பெயிண்டுக்குள் இருக்கும் பொடி. பழைய வகை துத்தநாக சல்ஃபைடு. சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். புது வகை ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். 1990களில் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கைக்கடிகார முகப்புக்காகக் கொண்டுவந்தது. அதன் வெளிச்சமும் முதலில் வேகமாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கிய பிறகு அடங்கிய கங்கு போல மணிக்கணக்கில் நிற்கும். எந்தப் பொடி என்று அட்டையில் எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் கடையில் கையைக் குவித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். செல்போன் டார்ச்சைக் காட்டி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு சாமான் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

‘யுவி’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அது ஒளிர்வது அல்ல. புற ஊதா வெளிச்சம் மேலே பட்டால் நிறம் எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். விடியலிலும் மப்பான பகலிலும் உதவலாம். அமாவாசை இரவு மூன்று மணிக்கு அது வெறும் தகரம். என் நண்பர் ஒருவர் இப்படி ஐந்து ஸ்பூன் வாங்கிக்கொண்டு வந்து, “அண்ணே, சார்ஜ் ஏறவே மாட்டேங்குது” என்று ராத்திரி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

டார்ச் பற்றி ஒரு வார்த்தை. ஊதா நிற யுவி டார்ச் சின்னதாகப் பத்து டாலருக்குக் கிடைக்கும். சாதாரண ஹெட்லேம்ப்பை விட அதில் வேகமாக ஏறும். நாலைந்து வீச்சுக்கு ஒரு தடவை, பத்து விநாடி. ஸ்பூனைச் சட்டைக்குள்ளோ தொப்பிக்குள்ளோ மறைத்து வைத்துக் காட்டுங்கள். தண்ணீர் மேல் வெளிச்சம் அடித்தால் பியர் முழுக்க வசவு கேட்கும், நியாயமான வசவு.

இன்னொன்று, புதிதாகச் சார்ஜ் ஏற்றி எறிந்த முதல் வீச்சில் எனக்கு மீன் கடித்தது அபூர்வம். மூன்றாவது, நான்காவது வீச்சில்தான் அதிகம். அளவுக்கு மேல் வெளிச்சம் மீனை மிரட்டுகிறது என்பது பியர்க்காரர்கள் பலரின் எண்ணம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எனவே கடையில் எது அதிகம் ஜொலிக்கிறது என்ற போட்டியே தேவையில்லை. நான்காவது வீச்சில் எது இன்னும் மங்கலாக உயிரோடு இருக்கிறதோ அதுதான் என் ஸ்பூன்.

நிறம் பற்றி ஆளுக்கொரு மதம். எனக்குப் பச்சை, அப்புறம் ‘வொண்டர் பிரெட்’ என்று சொல்கிற வெள்ளை மேல் வண்ணப் புள்ளி வைத்தது. அமெரிக்க ரொட்டிப் பை ஒன்றின் புள்ளிகளைப் பார்த்து வைத்த பெயர். இந்த இரண்டுக்கு மேல் நிறத்துக்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

ஸ்பூனோடு வருகிற மூன்று முனைக் கொக்கியை நான் கழற்றிவிடுகிறேன். அதற்குப் பதில் சிவாஷ் என்ற ஒற்றைக் கொக்கி. மீன் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லில் மாட்டுவது பாதியாகக் குறைந்தது. பத்து கிலோ மீன் வலைக்குள் புரளும்போது மூன்று முனையும் வலையில் பின்னிக்கொண்டால், இருட்டில் குளிரில் விரல் விறைத்து அதைப் பிரிக்கிற பாடு இருக்கிறதே, வேண்டாம். அப்புறம் சட்டம்: வாய்க்கு வெளியே, உடம்பில் எங்காவது கொக்கி மாட்டிய சால்மனை உடனே தண்ணீரில் விட்டாக வேண்டும். ஒற்றைக் கொக்கியில் அந்தத் தொல்லை எனக்குக் குறைந்திருக்கிறது. ஸ்பூன் சுழன்று சுழன்று நரம்பை முறுக்கிவிடும் என்பதால் நல்ல பேரிங் ஸ்விவல் (முறுக்கு ஏறாமல் தானே சுழலும் இணைப்பு) ஒன்று கட்டாயம். 30 பவுண்ட் பாரம் தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முன்னால் நாலடி 20 பவுண்ட் லீடர், அதாவது ஸ்பூன் பக்கம் கட்டும் துண்டு நரம்பு.

எங்கே வாங்குவது? செப்டம்பரில் போகாதீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்துச் சின்னக் கடைகளில் பச்சை ஸ்பூன் தொங்குகிற கொக்கி காலியாக இருக்கும். மிஞ்சியிருப்பது யாரும் தொடாத ஆரஞ்சு. பிப்ரவரியில், பனி கொட்டும்போது, எல்லாம் இருக்கும், விலையும் ஒன்றிரண்டு டாலர் இறங்கியிருக்கும். அதை விட நல்ல இடம் கோடையில் வீட்டு வாசல்களில் போடுகிற பழைய சாமான் விற்பனை. துருப்பிடித்த டப்பாவில் பெயிண்ட் போன பழைய பித்தளை ஸ்பூன்கள் ஐம்பது சென்ட்டுக்குக் கிடக்கும். கெட்டி உலோகம், அருமையான ஆட்டம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளிரும் டேப் ஒட்டினால் போதும். என் பெட்டியில் அப்படி மூன்று இருக்கின்றன. ஒன்று 2023இல் எனக்குக் கிடைத்த பெரிய மீனைக் கொண்டுவந்தது.

செலவுக் கணக்கு அம்மாவிடம் ஒரு தடவை போனில் உளறிவிட்டேன். “ஒரு கரண்டிக்கு எட்டு டாலரா மக்கா? அதுக்கு வெள்ளிக் கரண்டியே வாங்கலாமே” என்றார். ஒரு சீசனில் ஆறு முதல் எட்டு ஸ்பூன் கல்லுக்கும் நரம்பு அறுந்தும் போகும். மீன் என்னவோ நாலுதான் வரும். வடக்குக் காற்று இரண்டு நாள் அடித்து மேலே உள்ள வெதுவெதுப்பான நீரை ஏரிக்குள் தள்ளி, அடிக்குளிர் நீர் மீனோடு கரைக்கு ஏறும் இரவுகளைப் பார்த்துப் போனால் கணக்கு கொஞ்சம் சரியாகும். ஆனால் அதே காற்றில் அலை பியர் மேலே ஏறினால் காரிலிருந்தே திரும்பி வந்துவிடுங்கள். ஆளை வழித்துக்கொண்டு போகும்.

கடைசியாக, ஒளிரும் ஸ்பூன் சாவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கான்கிரீட்டில் அடிபட்டுத்தான். மேல்பூச்சு சில்லுப் பெயர்ந்தால் அந்தப் பொடிக்குள் தண்ணீர் போகும். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டுக்கு ஈரம் ஆகாது. இப்போது என் மேசை மேல் இருக்கிற கிளியோவின் மூக்கில் பட்டாணி அளவு பித்தளை தெரிகிறது, அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஒளி செத்துவிட்டது, வால் பக்கம் மட்டும் இன்னும் பச்சை. இதை முதல் சில்லிலேயே தடுக்கலாம். ஸ்பூனை நன்னீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம், பிறகு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டு மாலையில் பூசி அதிகாலையில் எறிந்தபோது, மூன்றாவது வீச்சிலேயே அது பால் ஆடை போல உரிந்து வந்தது. பாட்டில் வீட்டில் யாருடையது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.