இங்க்ஸ்கேப்பில் சோப்பு லேபிள்: கொம்பு இடம் மாறவில்லை

என் வேப்பெண்ணெய் சோப்புக்கு அடித்த முதல் லேபிள், 500 பிரதி. பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் பட்டது கொம்புகள்தான். 'வேப்பெண்ணெய்' என்ற சொல்லில் மூன்று கொம்பு. மூன்றுமே தத்தம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றன. 'வே'யின் இரட்டைக்கொம்பு வகரத்தைத் தாண்டி பகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வடிவமைத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "மேடம், என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்துச்சு. பிரஸ்ல திறக்கும்போது மாறியிருக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆறு வாரம் காத்திருந்து பதமாகிய சோப்பில், பெயரையே தப்பாக எழுதி ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு நானே உட்கார்ந்தேன். அப்போது கைக்கு வந்ததுதான் இங்க்ஸ்கேப்.

படமும் எழுத்தும் கோடுகளாக வரைய உதவும் இலவச மென்பொருள். சோடிபோடி என்ற பழைய மென்பொருளிலிருந்து 2003இல் பிரிந்து வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் வைத்திருப்பது 1.3 பதிப்பு. லேபிள் வேலைக்கு மட்டும் இதை எப்படிப் பயன்படுத்துகிறேன், எங்கே கை விரிக்கிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொம்பு. யூனிகோடில் 'வே' என்பது முதலில் வ, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னால் வைத்துக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையை அப்படியே வரைந்துவிடும். இங்க்ஸ்கேப் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பை நம்பியிருக்கிறது. அதற்குத் தமிழ் தெரியும். தட்டச்சு செய்த கணமே 'வேப்பெண்ணெய்' ஒழுங்காக வந்து நின்றபோது, சும்மா அந்தச் சொல்லையே நாலைந்து எழுத்துருவில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்தை எழுத்தாகவே விடக் கூடாது. ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்தெல்லாம் வெறும் கோட்டு உருவமாகிவிடும். அதன் பிறகு அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை, எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உருவமான எழுத்தைத் திரும்பத் திருத்த முடியாது. அதனால் திருத்துவதற்கு ஒரு கோப்பு, அச்சுக்கு ஒரு கோப்பு என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எனக்குப் பிடித்தது, எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் பேசலாம் என்பது. என் சோப்பு 80க்கு 55, கனம் 25. நான் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, குறுக்கே சுற்றும் காகிதப் பட்டைதான். இரண்டு முனையும் திறந்திருந்தால்தான் வாங்குபவர் எடுத்து முகர்ந்து பார்க்க முடியும். சுற்றளவு 160, ஒட்டுவதற்கு மேல்படியும் இடம் 12, ஆக 172 மில்லிமீட்டர் நீளம். 55, 80, 135, 160 என்ற நான்கு இடத்திலும் வழிகாட்டிக் கோடு போட்டுவிட்டால் மடிப்பு எங்கே விழும் என்று வரையும்போதே தெரிந்துவிடும். முன்பு சோப்பின் பெயர் பாதி முகத்திலும் பாதி பக்கவாட்டிலும் மடிந்து கிடந்த தொல்லை இப்போது இல்லை. வெட்டும் கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளை தெரியாமலிருக்க, ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்டி வைக்கிறேன். அந்த நீட்டலைப் பக்க அமைப்பிலேயே குறிக்கும் வசதி 1.3இல் இருக்கிறது.

அளவை எப்போது எடுக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். வெட்டிய அன்றைக்கு அளந்து பட்டை செய்தேன் ஒருமுறை. சோப்பிலிருந்த தண்ணீர் ஆவியாக ஆவியாக அது சுருங்கியது. மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் பட்டை வளையல் மாதிரி கழன்று கையோடு வந்தது. எடையும் அப்படித்தான், 110 கிராமாக வெட்டியது 100க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பதமான பிறகு தராசில் வைத்த எண்ணைத்தான் லேபிளில் போட வேண்டும்.

வரைந்ததும் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து சோப்பில் சுற்றிப் பாருங்கள். பிரிண்டர் பெட்டியில் 'தாளுக்கு ஏற்றபடி சுருக்கு' என்ற குறி விழுந்திருந்தால் எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடியுங்கள். அதைக் கவனிக்காமல், பட்டை போதவில்லையே என்று நல்ல அளவைப் போய் மாற்றி ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன்.

சேர்மானப் பட்டியல்தான் கண்ணையும் பொறுமையையும் கேட்கிற இடம். சோடியம் கோக்கோயேட், சோடியம் ஆலிவேட் என்று நீள நீளமான பெயர்கள், எடை அதிகமானது முதலில் என்ற வரிசை, அதோடு தமிழ் விளக்கமும் வேண்டும். ஆங்கில எழுத்து 6 புள்ளி (பாயிண்ட்) அளவில் தாங்குகிறது. தமிழ் தாங்காது. ணகரத்தின் சுழியும் ழகரத்தின் வாலும் மை நிறைந்து கரும்புள்ளியாகிவிடுகின்றன. 6, 6.5, 7 என்று ஒரே வரியை அடுக்கடுக்காக அடித்துப் பார்த்து, முக்த மலர் எழுத்துருவில் 7.5இல் நின்றேன். மெலிந்த எழுத்து திரையில் அழகாகத் தெரியும், சொரசொரப்பான காகிதத்தில் அறுந்து அறுந்து வரும். வரியை இரு பக்கமும் சமமாக இழுக்கவும் வேண்டாம். நம் சொற்கள் நீளம், நடுவில் பள்ளம் விழுந்துவிடும். இடப்பக்கம் ஒட்டி விட்டாலே படிக்க நன்றாக இருக்கிறது.

இனி கை விரிக்கும் இடம். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறத்தில்தான் வேலை செய்கிறது, அது கொடுக்கும் பிடிஎஃப்பும் அப்படியே. அச்சுக்கு சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு மை வேண்டும். மாற்றும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. திரையில் தளிர்போல மின்னிய பச்சை, தாளில் வாடிய இலையாகிறது. கருப்பு எழுத்து கருப்பு மையால் மட்டும் அடிக்கப்படாமல் நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அடிக்கப்படுகிறது. பெரிய எழுத்தில் தெரியாது. 7.5 புள்ளியில் ஒரு மை தலைமுடி அளவு விலகினாலே போதும், எழுத்தோரத்தில் நீலமும் சிவப்புமாய் நிழல் ஆடும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் ஏன் கண் கூசுகிறது என்று விளங்கியது. இப்போது கோட்டு உருவமாக்கிய எஸ்விஜி கோப்பை (இங்க்ஸ்கேப் சேமிக்கும் வடிவம்) ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குள் கொண்டுபோய், எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் என்று மாற்றி, அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கிறேன். ஒரு சுற்று கூடுதல்தான். அச்சகத்தாரிடம் "எழுத்து முழுக்க ஒற்றைக் கருப்பில்தானே இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டும் கொள்கிறேன்.

என்னிடம் ஆறு வகை சோப்பு. ஆறு லேபிளும் ஒரே கோப்பில் ஆறு பக்கமாக இருக்கின்றன. சின்னத்தை ஒரு பக்கத்தில் வரைந்து மற்ற ஐந்திலும் குளோன், அதாவது மூலத்தோடு இணைந்த நகல், வைத்திருக்கிறேன். மூலத்தில் ஓர் இலையைத் திருத்தினால் ஆறிலும் திருந்திவிடுகிறது. பார்கோடு போடும் வசதியும் உள்ளேயே உண்டு.

காகிதத்தின் குற்றத்தை மென்பொருள் தீர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்க்ஜெட்டில் அடித்த பட்டை ஈரக்கை பட்டதும் கரைந்தது. மெல்லிய காகிதத்தில் சோப்பின் எண்ணெய் ஊறி, ஜன்னல் மாதிரி வட்டம் வட்டமாக ஊடுருவித் தெரிந்தது. பளபளப்புப் படலம் போட்டதில் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) எழுதப் போனால் பேனா வழுக்கியது. லேசரில் அடித்த, படலமில்லாத தடித்த காகிதத்துக்கு வந்த பிறகுதான் நிம்மதி. தொகுதி எண்ணுக்கும் தேதிக்கும் 30க்கு 8 மில்லிமீட்டரில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டிருக்கிறேன், முத்திரை அங்கே பளிச்சென்று பதிகிறது.

பழகப் பத்து நாள் பிடிக்கும். ஆயத்த வார்ப்புருவில் பெயரை மட்டும் மாற்றி அரை மணியில் முடிக்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. தன் சோப்பின் பெயரைத் தமிழில், பிழையில்லாமல், மடிப்பில் சிக்காமல் பார்க்க வேண்டும் என்பவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

போன வாரம் ஏழாவது பக்கம் திறந்தேன். பெயர் வைத்தாயிற்று, சேர்மானமும் எழுதியாயிற்று. எடை என்ற இடம் மட்டும் காலி. சோப்பு இன்னும் அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கிறது.