காப்பிப் பூக்காலமா, கோடை விழாவா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் மே மாதக் கோடை விழாவையே குறித்துவைக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் வரும் காப்பிப் பூக்காலத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

விழாவின் பெரிய வசதி, அதன் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படுவதுதான். அண்ணா பூங்காவில் மலர்க் காட்சி, ஏரியில் படகுப் போட்டி என்று குழந்தைகளுக்குப் பொழுது போய்விடும். நெரிசலையும் அறை வாடகையையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மே மாதத்திலேயே சேர்வராயன் கோயில் திருவிழாவும் நடக்கிறது. மலைக்கிராம மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடும் அந்த நாள், என் பார்வையில், மலர்க் காட்சியைவிட மேலானது.

பூக்காலத்துக்கு நாள் குறிக்க இயலாது. கோடை மழை ஒருமுறை நன்றாகப் பெய்து, ஏறத்தாழ எட்டுப் பத்து நாள் கழிந்ததும், அதுவரை பச்சையாக இறுகிக் கிடந்த மொட்டுகள் ஒரே விடியலில் விரிய, சில்வர் ஓக் நிழலில் நிற்கும் செடிகளின் கணுதோறும் வெள்ளைப் பூக்கள் கொத்தாக நெருங்கி, மல்லிகையை நினைவூட்டும் மணம் சாலைவரை வரும். மூன்று நான்கு நாளில் அவை பழுப்பேறிவிடும். தோட்டத்தில் அப்போது மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அடுத்த மழை எப்போது, காய் பிடிக்குமா என்பதே எல்லோருடைய பேச்சும். தோட்டங்கள் தனியாருடையவை என்பதால் அனுமதி கேட்டே நுழைய வேண்டும்.

வெளியூரிலிருந்து விடுப்பெடுத்து வருபவருக்கு விழாவே பொருந்தும். சேலத்திலேயே இருப்பவர், மலையில் மழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, ஒன்பதாம் நாளன்று முதல் பேருந்திலேயே ஏறிவிடலாம்.